விரல் கிளிப் 98 காட்டியது: கரிப்புகை நச்சும் ஆக்சிஜன் அறையும்



நம் டிரஸ்ட்டின் மருத்துவ உதவிக் குழுவுக்கு மாதந்தோறும் வரும் மனுக்கள் பெரும்பாலும் பழகியவை. டயாலிசிஸ், இதய அடைப்பு, கண் ஆபரேஷன், பிரசவச் செலவு. சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு மனுவில் மட்டும் குழுவினர் யாருக்கும் புரியாத ஒரு வார்த்தை இருந்தது: 'ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன், 40 சிட்டிங்'. கேட்டிருந்த தொகை பெரியது. ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தாலும் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம். அதனால் கையெழுத்துப் போடுமுன் அது என்ன சிகிச்சை என்று மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயரும் தெருவும் சொல்லாமல், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மழைக்காலம். பச்சிளம் குழந்தைக்குக் குளிர் தாக்கக்கூடாது என்று அறையைச் சாத்திக் குமுட்டி அடுப்பில் கரி போட்டுச் சாம்பிராணி காட்டியிருக்கிறார்கள். குழந்தை பசித்து அழவே, மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய் அங்கேயே தூங்கிவிட்டாள். அம்மா மட்டும் அந்த அறையிலேயே பாயில் படுத்துவிட்டார். அடுப்பில் புகை நின்று கங்கு மட்டும் சிவந்திருந்தது. புகைதான் இல்லையே என்று யாரும் அதை வெளியே எடுக்கவில்லை.

பஜ்ருக்கு எழுப்பப்போன மகன் அம்மாவை நினைவில்லாமல் கண்டான். வெளியே தூக்கி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தார். தலைவலி, வாந்தி. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். விரலில் கிளிப் மாட்டினார்கள், 98 காட்டியது. ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, பிரஷரும் வாயுவும்தான் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். கரி அடுப்பைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, வீட்டாரும் சொல்லவில்லை. மாலைக்குள் அவர் எழுந்து சமைக்கவும் ஆரம்பித்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லோரும் அதை மறந்தே போனார்கள்.

மூன்று வாரம் கழித்துத்தான் மாற்றம் தெரிந்தது. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டார். லுஹரில் இரண்டு ரக்அத் முடிந்ததும் ஸலாம் கொடுத்துவிட்டு, தொழுதேனா இல்லையா என்று மருமகளைக் கேட்டார். நடை தளர்ந்தது. சிறுநீர் தன்னையறியாமல் போனது. இந்த வயதிலேயே மறதி நோயா என்று பயந்து மூளை நரம்பு மருத்துவரிடம் போனார்கள். ஸ்கேனைப் பார்த்த அவர் முதலில் கேட்ட கேள்வி: "வீட்டில் கரி, ஜெனரேட்டர், கீசர் புகை ஏதாவது நடந்ததா?"

கரியோ விறகோ பெட்ரோலோ கேஸோ, போதுமான காற்று இல்லாமல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. சொல்லப்போனால், புகை அடங்கிக் கங்காக இருக்கும் கரிதான் நம்மை ஏமாற்றுகிறது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போகும் ஹீமோகுளோபினை ஒரு ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ஏறி இறங்கும் பயணி. கார்பன் மோனாக்சைடோ ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிமானத்தோடு சீட்டில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும் பயணி. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். போய்ச் சேரவேண்டியது போய்ச் சேராது. அதிக ஆக்சிஜன் கேட்கும் மூளையும் இதயமும்தான் முதலில் அடிபடும். இந்த வாயு ரத்தத்தோடு நின்றுவிடுவதுமில்லை. உயிரணுக்களுக்குள்ளும் புகுந்து கெடுதல் செய்கிறது. அதன் தொடர்ச்சியாக மூளையில் அழற்சி கிளம்புகிறது. தேறிவிட்டார் என்று நினைத்தவருக்குச் சில நாளோ சில வாரமோ கழித்து மறதி, குணமாற்றம், நடைத் தளர்ச்சி வருவது இதனால்தான்.

விரல் கிளிப் ஏன் 98 காட்டியது? பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டு வகை ஒளியை விரலுக்குள் அனுப்பி, ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குப் போடும் கருவி. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் நல்ல சிவப்பாகவே இருக்கும். சாதாரண கிளிப்புக்கு அதுவும் ஆக்சிஜன் ஏறியதாகவே தெரியும். சீட்டில் ஆள் இருக்கிறார் என்று அதற்குத் தெரியும், யார் என்று தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு நம்மில் பாதிப் பேர் வீட்டில் அந்தக் கிளிப் இருக்கிறது. அதன் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம். கரிப்புகை நச்சில் அந்த எண்ணை நம்பக்கூடாது. ரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் என்ற பரிசோதனை செய்தால்தான் உண்மை தெரியும். அதைச் செய்ய மருத்துவருக்குச் சந்தேகம் வரவேண்டும். சந்தேகம் வர, நாம் சொல்லவேண்டும். "அறையில் கரி இருந்தது" என்ற மூன்று வார்த்தை அந்த அம்மாவின் விஷயத்தில் சொல்லப்படாமல் போயிற்று.

இனி அந்த மனுவில் இருந்த சிகிச்சைக்கு வருவோம்.

இந்த நச்சுக்கு மருந்து ஆக்சிஜன்தான். எவ்வளவு அழுத்தமாக ஆக்சிஜன் கொடுக்கிறோமோ அவ்வளவு வேகமாக அந்தப் பிடிவாதப் பயணி சீட்டைவிட்டு எழுவார். வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும், பையோடு கூடிய மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஹைப்பர்பேரிக் அறையில் 20 முதல் 30 நிமிடம். அந்த அறை ஒரு கனமான உருளை. சிலவற்றில் ஒருவர் மட்டும் படுக்கலாம். சிலவற்றில் பலர் உட்காரலாம். உள்ளே அழுத்தத்தைச் சாதாரணத்தைவிட இரண்டரை, மூன்று மடங்கு ஏற்றி, முழு ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். அப்போது ஹீமோகுளோபின் உதவியில்லாமலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஆக்சிஜன் கரைகிறது. சாதாரணமாக ஒரு லிட்டர் ரத்தத்தில் 3 மில்லி அளவே கரைந்திருக்கும். மூன்று மடங்கு அழுத்தத்தில் அது 60 மில்லி அளவுக்குப் போகும். ஓய்வாக இருக்கும் உடலுக்கு ஏறக்குறைய அதுவே போதும். ஆட்டோ நிரம்பியிருந்தால் என்ன, பயணி நடந்தே போய்ச் சேருகிறார்.

இது புதுக் கண்டுபிடிப்பல்ல. சுரங்கத் தொழிலாளர்களின் மரணங்களை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1895-லேயே இதை ஒரு எலியில் செய்து காட்டினார். கார்பன் மோனாக்சைடு இருந்தும், அழுத்தம் ஏற்றிய ஆக்சிஜனில் அந்த எலி பிழைத்தது. மனிதர்களுக்கு இந்த நச்சு முறிவாக அதைப் பயன்படுத்தியது 1960-ல், கிளாஸ்கோ நகரத்தில். (சுரங்கத்துக்குள் கூண்டில் சிறு பறவையைக் கொண்டுபோகச் சொன்னவரும் இதே ஹால்டேன்தான். மனிதனுக்கு முன் பறவை மயங்கும். நம் பகுதியில் புறாவும் லவ் பேர்ட்ஸும் வளர்க்காத தெரு இல்லை. வீட்டுக்குள் கூண்டுப் பறவை திடீரென்று விழுந்து, உங்களுக்கும் தலை வலித்தால் முதலில் கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.)

இவ்வளவு கேட்டதும் குழுவில் ஒரு சகோதரர், "அப்படியானால் தாமதிக்காமல் பணத்தைக் கொடுத்துவிடலாமே" என்றார். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மருத்துவர்கள் தந்த பதில் அவ்வளவு சுலபமாக இல்லை.

இந்தச் சிகிச்சையின் பலன் பற்றி மருத்துவ உலகத்திலேயே ஒருமித்த முடிவு இல்லை. 1999-ல் ஆஸ்திரேலியாவில் 191 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சாதாரண மாஸ்க் ஆக்சிஜனைவிட அறைச் சிகிச்சை கூடுதல் பலன் தரவில்லை. 2002-ல் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி நகரத்தில் 152 பேரிடம் செய்த ஆய்வு வேறு விடை தந்தது: முதல் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை அறைக்குள் வைக்கப்பட்டவர்களில் 25 சதவீதம் பேருக்கு ஆறு வாரத்துக்குப் பின் நினைவு, சிந்தனைக் கோளாறு இருந்தது; சாதாரண ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம் பேருக்கு இருந்தது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் வேறு. அதனால் மருத்துவர்கள் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை. நினைவிழந்தவர், வலிப்பு வந்தவர், குழப்பமாகப் பேசுபவர், நெஞ்சுவலியோ இதயப் பாதிப்போ உள்ளவர், ரத்தப் பரிசோதனையில் 25 சதவீதத்துக்கு மேல் உள்ளவர், இவர்களுக்கே யோசிக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அதைவிடக் குறைந்த அளவிலேயே யோசிப்பார்கள். வயிற்றிலுள்ள குழந்தையின் ரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், மெதுவாகவே விடும். தாய் தெளிந்த பிறகும் குழந்தை ஆபத்தில் இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். பலன் இருந்தால் அது முதல் சில மணி நேரங்களில், அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள். அந்த அம்மாவின் மனு நம்மிடம் வந்தபோது நச்சு ஏறி இரண்டு மாதம் கடந்திருந்தது. ரத்தத்தில் இருந்த வாயு முதல் நாளே போய்விட்டது. விரட்ட வேண்டிய பயணி இப்போது வண்டியில் இல்லை; அவர் செய்துவிட்டுப் போன சேதம்தான் மிச்சம். அந்தச் சேதத்தை இத்தனை நாள் கழித்து 40 சிட்டிங் சரிசெய்யும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று நாங்கள் கேட்ட இரண்டு மருத்துவர்களும் தனித்தனியே சொன்னார்கள். குடும்பத்துக்கு அந்த யோசனையைச் சொன்னது மருத்துவமனை அல்ல, சர்க்கரைப் புண்ணுக்கும் முகப்பொலிவுக்கும் சேர்த்தே விளம்பரம் செய்யும் ஓர் இடம்.

சர்க்கரை நோயாளியின் ஆறாத கால் புண், கடலுக்கடியில் இறங்குபவர்களுக்கு வரும் அழுத்த நோய் போன்றவற்றுக்கு இந்த அறை முறையான சிகிச்சைதான். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆட்டிசத்தைக் குணமாக்கும், வயதைக் குறைக்கும் என்று விற்கப்படுவதைத்தான் நம்பவேண்டாம் என்கிறோம். அழுத்தம் ஏறும்போது விமானத்தில் போல் காது அடைத்து வலிக்கும். சிலருக்கு வலிப்பு வரலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு இருப்பவரை உள்ளே விடவே கூடாது. எல்லாவற்றையும்விட, முழு ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒரு சிறு பொறி போதும். 1997-ல் இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவமனை ஒன்றில் அறைக்குள் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு தனியார் மையத்தில் 5 வயதுச் சிறுவன் இறந்தான். ஆகவே மருத்துவர் முறைப்படி எழுதிக் கொடுத்துப் போகிறவர்களும், தலையில் எண்ணெய், அத்தர், கைபேசி, பாலியஸ்டர் புர்கா எதுவும் இல்லாமல், அங்கே தரும் பருத்தி உடையில்தான் போகவேண்டும். சகோதரிகள் தலையை மறைக்கப் பருத்தித் துணி கேட்கத் தயங்கவேண்டாம்.

குழு அந்த 40 சிட்டிங்குக்குப் பணம் தரவில்லை. ஸ்கேன் செலவு, நரம்பு மருத்துவரின் கட்டணம், மருந்து, ஆறு மாத பிசியோதெரபி, இவற்றை ஏற்றுக்கொண்டோம். அந்த மகன் அன்று அலுவலகத்திலிருந்து வருத்தத்தோடுதான் எழுந்து போனார். தாய்க்குக் கிடைக்கவேண்டிய ஒன்றை நாம் மறுத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. நமக்கும் அன்றிரவு தூக்கம் சரியாக இல்லை.

இப்படிப்பட்டது நம் வீட்டில் நடக்காது என்று யாரும் எண்ணிவிட முடியாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன திருச்சிக்காரர்கள் இரண்டு பேர், பார்பிக்யூ சமைத்த கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் எழவே இல்லை. அதே ஆண்டு ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இறந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். ஏழு பேர் தமிழகத்தவர். அவர்களில் ஒருவர் நம் வடசென்னையைச் சேர்ந்தவர். பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. தீவிபத்துப் புகையிலும் இந்த வாயு நிறைந்திருக்கும். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் அடுத்த போனில் இதையும் கொஞ்சம் பேசுங்கள்: தங்கும் கட்டடத்தில் மாடிக்கதவு திறந்திருக்கிறதா, தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டு?

நம் பகுதியில் நாம் கண்ணால் பார்க்கும் இடங்கள் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வடசென்னையில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை; மழை நனைக்கக்கூடாது என்று வாடகை ஜெனரேட்டரைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்து ஓட்டிய வீடுகளை நாமே பார்த்தோம். அந்தப் புகை படிக்கட்டு வழியாக நேராக மேல்மாடிப் படுக்கையறைக்குத்தான் போகும். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதாது. ஜெனரேட்டர் தெருவில், கதவு ஜன்னலைவிட்டு நன்றாகத் தள்ளி இருக்கவேண்டும். கல்யாண பிரியாணிக்குத் தம் போட்ட கங்கைக் கொட்டிய கொட்டகையில், ஷட்டரை இறக்கிவிட்டுப் பண்டாரியும் உதவிப் பையன்களும் படுப்பது இன்னொன்று. ரமளானில் நோன்புக்கஞ்சி காய்ச்சும் இடமும் அப்படியே. அடுப்பு எரியும்வரை காற்றோட்டத்தை யோசிக்கிறோம், அடங்கிய பிறகு யோசிப்பதில்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர், இஸ்திரிக் கடையில் இரவு உள்ளே வைத்துப் பூட்டும் கரிப்பெட்டி, பிள்ளை பெற்ற வீட்டின் சாம்பிராணி. வழக்கத்தை விடச் சொல்லவில்லை. கதவைத் திறந்து காட்டிவிட்டு, கங்கைத் தண்ணீர் ஊற்றி அணைத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வையுங்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்து போன செய்தி வந்தபோது, உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. நம் உம்மத்துக்கு இது புதிய பாடம் அல்ல.

நடந்துவிட்டால்? ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்றால், அதுவும் வெளியே வந்தால் குறைகிறது என்றால், சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்து, அடுப்பையோ எஞ்சினையோ நிறுத்தி, எல்லோரையும் வெளியே கொண்டு வாருங்கள். உள்ளே விழுந்து கிடப்பவரைத் தூக்க ஒருவர் மட்டும் ஓடிப்போய் அவரும் விழுவது அடிக்கடி நடக்கிறது; இன்னொருவர் வெளியே நிற்கட்டும். 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை ஆரம்பியுங்கள்.

நம் டிரஸ்ட்டிலும் சில வீடுகளிலும் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் இருக்கின்றன. அதை மாட்டிவிட்டு வீட்டிலேயே படுக்கவைக்காதீர்கள். மூக்குக் குழாயில் அது கொடுக்கும் ஆக்சிஜன் வெளிக்காற்றோடு கலந்து பாதிக்கும் கீழே போய்விடும். இங்கே வேண்டியது இறுக்கமான மாஸ்க்கில் முழு ஆக்சிஜன், அதுவும் சில மணி நேரம் தொடர்ந்து. அது ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கிடைக்கும். ஹைப்பர்பேரிக் அறை தேடி ஊரைச் சுற்றி, இந்த முதல் ஆக்சிஜனைத் தாமதப்படுத்துவதுதான் பெரிய தவறு. மாஸ்க் ஏறிய பிறகு மருத்துவரிடம் கேளுங்கள்: கார்பாக்ஸி ஹீமோகுளோபின் பார்த்தீர்களா, இவர் நினைவிழந்திருந்தார் அல்லது கர்ப்பிணி, அறைச் சிகிச்சை தேவைப்படுமா, அனுப்புவதாக இருந்தால் வழியில் ஆக்சிஜன் தொடருமா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தால் எந்த நேரமானாலும் நம் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். அன்றே தேவைப்படும் இந்தச் செலவுக்குக் குழுக் கூட்டம்வரை காத்திருக்கவேண்டாம் என்று, இந்த மனுவுக்குப் பிறகு தீர்மானம் போட்டிருக்கிறோம். கர்ப்பிணி என்றால் அவருக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்கும் தகவல் போகவேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம்வரை கவனியுங்கள். மறதி, எரிச்சல், பேச்சில் தடுமாற்றம், நடை மாற்றம், சிறுநீர் அடக்கமுடியாமை, தொழுகையில் வழக்கமில்லாத குழப்பம் எதுவானாலும் மறுபடி மருத்துவரிடம் போய், பழைய சம்பவத்தைச் சொல்லுங்கள். பயந்துவிடவும் வேண்டாம். இப்படித் தாமதமாகப் பாதிக்கப்பட்டவர்களில் பலர் ஒரு வருடத்துக்குள் பெருமளவு தேறிவிடுகிறார்கள்.

அந்த அம்மா இப்போது பிடிமானம் இல்லாமல் நடக்கிறார். உப்பு, மிளகாய் அளவு மருமகள் பொறுப்பில் இருக்கிறது. லுஹருக்கும் அஸருக்கும் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ரக்அத்தை விரலில் எண்ணுகிறாள். போன மாதம் மூன்று வாரம் அவள் திருத்தவேண்டியே வரவில்லையாம். செய்தியைச் சொல்ல அலுவலகத்துக்கு வந்தது அதே மகன்தான். போகும்போது, அந்தக் குமுட்டி அடுப்பு இப்போது மாடியில் இருக்கிறது என்றார்.